கப்பற்றண்டனைச் சொல் ஒன்றின் பிறப்பும் வரலாறும்

முன்னுரை

ஆங்கில மொழியில் 'கீல்ஹால்' என்றொரு சொல் உளது. இக்காலத்து ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் 'கடுமையாக வைதல்' என்னும் பொருளில் வழங்குகின்றது. மேலதிகாரி ஒருவர் தம் பணியாளரைச் சினந்து கண்டித்தாரெனின், அவரைக் 'கீல்ஹால்' செய்தார் என நகையுடன் கூறுவர். ஆயின் இச்சொல் பிறந்த காலத்தில் அதன்கண் நகைக்கு இடமே இல்லை. மாலுமி ஒருவனைக் கயிற்றாற் பிணித்து, கப்பலின் ஒரு பக்கத்தே கடலுள் வீழ்த்தி, அதன் அடிமரத்தின் கீழாக இழுத்து, மறுபக்கத்தே மேலேற்றும் கொடுந்தண்டனையையே அச்சொல் உணர்த்திற்று.

இச்சொல்லின் வரலாற்றைத் தமிழ் ஆராய்ச்சி இதழில் எழுதுவது எற்றுக்கு என வினவலாம். காரணம் இரண்டு உள. முதலாவது, பார்த்த அளவிலேயே பொருள் விளங்குவதுபோல் தோன்றும் சொற்கள் ஆராய்ச்சியாளரை மிகுதியும் ஏமாற்ற வல்லன என்பதற்கு இச்சொல் தக்க சான்று. சொற்பொருளுக்குரிய காரணம் எளிதிற் புலனாகாது எனத் தொல்காப்பியர் உரியியலிற் குறித்தார். 'கீல்ஹால்' என்பதில் காரணம் வெளிப்படையாகவே தோன்றுகின்றது. வரலாறோ மறைந்து கிடக்கின்றது. இரண்டாவது, இத்தகைய சொற்களின் பொருளைப் பிழைபடக் கொள்வோமாயின் பழைய கடற்பயண ஏடுகளைப் பிழைபடப் படிப்போம். நிகழாத கொடுமையை நிகழ்ந்ததாகவும், நிகழ்ந்த கொடுமையை நிகழாததாகவும் எழுதிவிடுவோம். ஆகலின் இச்சொல்லைச் சற்று விரிவாக ஆராய்வாம்.

தண்டனையின் இயல்பு

சொல்லை அறிவதற்குமுன் பொருளை அறிதல் வேண்டும். பாய்க்கப்பலின் பெரும் பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குமரம் ஒன்று உண்டு. அது கப்பலின் அகலத்திற்கும் அப்பால் இருபுறமும் நீண்டு கடலின்மேல் நிற்கும். அதன் இரு முனைகளிலும் கப்பிகளைப் பொருத்துவர். ஒரு முனையிலிருந்து இறங்கும் கயிறு கப்பலின் அடிப்புறத்தைச் சுற்றிச் சென்று மறுமுனையில் ஏறும். குற்றவாளியை இக்கயிற்றில் பிணித்து, நீருள் போதிய ஆழம் செல்லும்பொருட்டு அவன் கால்களில் ஈயமோ இரும்போ ஆகிய பளுவைக் கட்டுவர். பின்னர் அவனை ஒரு முனைக்கு உயர்த்தி, நீருள் வீழ்த்தி, மறுபக்கத்திலிருந்து இழுப்பர். அவன் கப்பலின் அடியிற் புகுந்து மறுபக்கத்தே வெளிப்படுவான். மூச்சுவாங்கச் சிறிது பொழுது அளித்து, மீண்டும் அவ்வாறே செய்வர்.

இத்தண்டனை எஞ்ஞான்றும் கொலையிலேயே முடிந்தது என்னும் கருத்துப் பொதுமக்களிடையே பரவியுள்ளது. கப்பலின் அடியில் ஒட்டி வளரும் சிப்பியினங்கள் கத்திபோல் உடலைக் கிழிக்கும் என்பதும், நீருள் மூச்சுத்திணறும் என்பதும், அடிமரத்தில் தலை மோதக்கூடும் என்பதும் உண்மையே. எனினும் காலிற் கட்டிய பளுவும், இடையிடையே அளித்த ஓய்வும் உயிரைப் பறித்தல் இதன் நோக்கமன்று என்பதைக் காட்டுகின்றன. கொல்ல விரும்பியோர்க்குக் குறுக்குமரத்தில் தூக்கிலிடுதல் எளிதாகவே இருந்தது. மரணத்தின் வாயில்வரை கொண்டுசென்று மீட்டலே இதன் கருத்து. கண்ட மாலுமியர் அனைவரும் அஞ்சுதல் வேண்டும் என்பதே இதன் பயன்.

17ஆம் நூற்றாண்டில் இராட்டர்டாம் நகரத்து ஓவியர் லீவே வெர்சுயர் இக்காட்சியை ஓவியமாகத் தீட்டினார். அட்மிரல் யான் வான் நெசு என்பாரின் கப்பல் மருத்துவர் இத்தண்டனைக்கு ஆளானதை அது குறிப்பதாக மரபுவழிச் செய்தி கூறும். அவ்வோவியம் இன்றும் ஆம்சுடர்டாம் நகரத்து இரெய்க்சு அருங்காட்சியகத்தில் உளது. கப்பலின் தளம் முழுதும் மக்கள் திரண்டு நிற்க, ஒருவன் குறுக்குமரத்தின் முனையில் தொங்குகின்றான். தண்டனையின் பொதுக்காட்சித் தன்மையை நூல்களினும் மிகுதியாக அவ்வோவியம் உணர்த்துகின்றது.

முதலுறுப்பு: 'கீல்'

'கீல்ஹால்' என்பது இருசொற் கூட்டு. முதலுறுப்பாகிய 'கீல்' கப்பலின் அடிமரம். கப்பலின் முதுகெலும்பு எனத்தக்க இம்மரத்தின்மீதே விலாக்கால்கள் பொருத்தப்பெறும். தமிழில் இதனை 'ஏரா' என்ப.

ஈண்டுத் தமிழறிஞர் ஒரு கண்ணியில் அகப்படாதிருத்தல் வேண்டும். 'கீல்' கப்பலின் கீழ்ப்பகுதி. தமிழில் 'கீழ்' என்பதும் அடிப்பக்கத்தையே உணர்த்தும். ஒலியும் ஒத்துளது, பொருளும் ஒத்துளது. எனவே தமிழ்ச்சொல்லே மேலைநாடு சென்று 'கீல்' ஆயிற்று என மொழிய விழைவு எழும். இவ்விழைவு தடையின்றி ஒதுக்கத்தக்கது. அதற்குரிய காரணங்களையும் கூறுவாம்.

ஆங்கிலக் 'கீல்' என்பது பழைய நார்சு மொழியில் 'கியொல்ர்' என வழங்கிய சொல்லினின்று வந்தது. வட கடலோடிகளின் வாயிலாக அது ஆங்கிலம் புக்கது. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் உயிர் ஈகாரம் அன்று, ஏகாரம். 15ஆம் நூற்றாண்டு முதலாக ஆங்கில நெடில் உயிர்கள் அனைத்தும் இடம்பெயர்ந்த பெரும் உயிரொலி மாற்றத்தின்போதே அவ்வேகாரம் ஈகாரமாயிற்று. அஃதாவது, இன்று நம் செவியில் 'கீழ்' போன்று ஒலிக்கும் அச்சொல், 600 ஆண்டுகட்குமுன் அவ்வாறு ஒலித்திலது. இன்றைய ஒலி ஒப்புமை இடைக்காலத்தில் நேர்ந்த ஒரு விளைவு, தொன்மையான உறவன்று.

தமிழின் பக்கமும் இதுவே முடிவு. 'கீழ்' என்பதன் ஈறு சிறப்பு ழகரம். மலையாளத்திலும் பழங்கன்னடத்திலும் அவ்வொலியே காணப்படும். தெலுங்கில் 'க்ரிந்த' என ரகரமாகத் திரிந்துளது. இத்திரிபே மூல ஒலி ழகரம் என்பதனை நிறுவுகின்றது. ஆங்கிலச் சொல்லிலோ தொன்றுதொட்டே லகரம் உளது. ஒரு பக்கம் உயிர் மாறுபட்டது. மறுபக்கம் மெய் மாறுபட்டது. எஞ்சியது முதலெழுத்தாகிய ககரம் ஒன்றே. ஓரெழுத்தை நம்பி ஒரு கப்பலை மிதக்கவிட முடியாது.

'கீல்' பற்றிப் பிறிதொரு நுட்பமும் உளது. செருமானியக் குடும்ப மொழிகளில் இதனை ஒத்த மற்றொரு சொல், 'கப்பல்' என்னும் பொருளில் வழங்கிற்று. பழைய ஆங்கிலத்தில் அது 'சேயொல்'. 6ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய கில்தாசு என்னும் துறவியார், பிரித்தானியத்துக்கு வந்த சாக்சனியரின் மூன்று கப்பல்களைக் குறிக்குமிடத்து அவர்தம் மொழிச் சொல்லையே எடுத்தாண்டார். ஆங்கிலத்துக்கு மூலமான மொழியினின்று எழுத்தில் பதிவான முதற் சொல் இதுவே என்பர். அடிமரத்தைக் குறித்த சொல்லும் கப்பலைக் குறித்த சொல்லும் வேர் வேறாயினும் டச்சு மொழியில் 'கீல்' என்ற ஒரே வடிவில் வந்து கலந்தன. இங்கும் ஈகாரம் மிகப் பழையதன்று. பழைய இணையுயிர் ஒன்றின் திரிபே அது. ஆங்கிலத்தார் ஒருவழியாகவும் டச்சு மொழியார் மற்றொருவழியாகவும் நடந்து 'கீல்' என்னும் ஒரே ஒலியை அடைந்தனர் என்க.

இரண்டாம் உறுப்பு: 'ஹால்'

'ஹால்' என்பதற்கு வலிந்து இழுத்தல் என்பது பொருள். இதன் முந்திய ஆங்கில வடிவம் 'ஹேல்'. 16ஆம் நூற்றாண்டளவில் எழுந்த வேறுபாட்டு வடிவமே 'ஹால்'. இச்சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு மொழி வாயிலாக வந்தது. பிரெஞ்சு மொழியோ அதனைச் செருமானிய மொழிகளினின்று பெற்றது. டச்சு மொழியில் இதன் உறவுச் சொல் 'ஹாலன்'. செருமன் மொழியில் 'ஹோலன்'. இவ்விரண்டும் 'கொண்டுவா, இழு' எனப் பொருள்படும்.

இன்னும் ஆழ்ந்து நோக்கின், 'அழைத்தல்' எனப் பொருள்படும் கிரேக்க, இலத்தீன் வினைகளும் இதற்கு உறவாதல் புலனாகும். கூவியழைத்தல், அழைத்துக் கொணர்தல், கொணர்தற்கு இழுத்தல் எனப் பொருள் படிப்படியாக வளர்ந்தது. மனிதக் குரலைக் குறித்துத் தோன்றிய வேர், குரலெழுப்ப இயலாது நீருள் மூழ்கிய மனிதனை இழுக்கும் சொல்லில் வந்து முடிந்தமை நோக்கத்தக்கது.

கூட்டுச்சொல் வந்த வழி

உறுப்புக்கள் இரண்டும் ஆங்கிலத்தில் வழங்குவன ஆதலின், கூட்டுச்சொல்லும் ஆங்கிலேயரே ஆக்கியது எனக் கருதுதல் இயல்பு. அஃது உண்மையன்று. டச்சு மொழியிலுள்ள 'கீல்ஹாலன்' என்பதே இதன் மூலம். ஆங்கிலத்தில் இச்சொல் 1660-களில் முதன்முதல் தோன்றுகின்றது. ஒல்லாந்தரின் ஆணை ஒன்றிலோ 1560ஆம் ஆண்டிலேயே இத்தண்டனை குறிக்கப்பெற்றுள்ளது. இரண்டற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உளது.

அந்நூற்றாண்டில் ஆங்கிலேயர் இத்தண்டனையை அறியாரோ எனின், அறிந்திருந்தனர். 1630-களில் எழுதப்பெற்று 1685இல் அச்சேறிய கடல்துறை உரையாடல் நூலில், நத்தானியேல் போட்லர் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் கப்பற்றண்டனைகளை வகைப்படுத்துகின்றார். குறுக்குமர முனையினின்று கடலுள் முக்குதலை முதலிற் கூறி, குற்றம் மிகக் கொடிதாயின் அடிமரத்தின் கீழாகவும் இழுப்பர் என்கின்றார். இதற்கு அவர் தரும் பெயர் 'கீல்ரேக்கிங்' என்பது. 'ரேக்' எனின் வாருதல், பறண்டுதல் என்பது பொருள். 1643இல் மறைந்த வில்லியம் மான்சன் என்பாரும் குறுக்குமரத்தின் ஒரு முனையினின்று மறுமுனைக்குக் கப்பலின் அடிவழியாக இழுக்கும் தண்டனையைக் குறித்துள்ளார்.

எனவே நிலைமை இது: பொருள் ஆங்கிலேயரிடத்தும் இருந்தது, அதற்கு அவர்தம் சொல்லும் இருந்தது. எனினும் அச்சொல் வழக்கிழந்தது. அயற்சொல் வந்து இடம்பெற்றது. பொருளில்லாமையால் அன்று, சொல்வலிமையால் நேர்ந்த கடன் இது. ஒரு மக்கள் இல்லாத பொருளுக்கே அயற்சொல்லை ஏற்பர் என்னும் பொதுக்கருத்தை இஃது மறுக்கின்றது.

இம்மாற்றம் நேர்ந்த காலம் தெளிவானது. 1652 முதல் 1654 வரையும், 1665 முதல் 1667 வரையும், 1672 முதல் 1674 வரையும் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கடலில் மும்முறை போரிட்டனர். பகைவரே எனினும் கடற்றொழிலில் ஒல்லாந்தர் ஆசிரியர் நிலையில் இருந்தனர். அவர்தம் சொற்கள் ஆங்கிலத்துள் வெள்ளம்போற் புகுந்தன. கப்பற்றலைவனைக் குறிக்கும் 'சிகிப்பர்', தளத்தைக் குறிக்கும் 'டெக்', சிறுகலங்களாகிய 'யாட்', 'சுலூப்', கடலில் குறுக்கும் நெடுக்கும் செல்லுதலைக் குறிக்கும் 'குரூசு' முதலியன யாவும் அவ்வழி வந்தனவே. இவ்வெள்ளத்தோடு 'கீல்ஹாலன்' என்பதும் வந்தது.

வந்த சொல் தன் அயன்மையை உடனே மறைத்துக்கொண்டது. 'கீல்' என்னும் டச்சு உறுப்பின் இடத்தில் ஆங்கிலக் 'கீல்' நின்றது. 'ஹாலன்' என்பதன் இடத்தில் அதன் உறவாகிய 'ஹால்' நின்றது. ஓருறுப்புக்கு ஓருறுப்பாகப் பெயர்த்தமைத்ததனால் கடன் என்னும் அடையாளமே எஞ்சவில்லை. உறவுமொழிகட்கிடையே நிகழும் கடனின் இயல்பு இதுவே. அயற்குடும்ப மொழியினின்று வந்த சொல் வேற்றுருவத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உறவு மொழியினின்று வந்த சொல் உடன்பிறப்பின் ஆடையை உடுத்து நிற்கும்.

இதனைத் தமிழினின்று ஆங்கிலம் பெற்ற கப்பற்சொல் ஒன்றோடு ஒப்பிட்டுக் காண்பாம். 'கட்டுமரம்' என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் 'கட்டமரன்' ஆயிற்று. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் கடற்பயண நூலில் இஃது இடம்பெற்றுள்ளது. கட்டுதலும் மரமும் ஆங்கிலர்க்கு விளங்கா. ஆதலின் அச்சொல்லைப் பிளவாத முழுச்சொல்லாகவே கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் அதன் முதலசை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் ஒத்தமை கொண்டு, சண்டையிடும் பெண்ணை இகழும் பொருளும் அதற்கு ஏற்றினர். 'கட்டமரன்' விளங்காமையால் பொய்ப்பொருள் பெற்றது. 'கீல்ஹால்' மிக விளங்கியமையால் பொய்ப்பிறப்புப் பெற்றது. விளக்கமின்மையும் விளக்கமிகுதியும் ஒருங்கே மயக்கம் விளைப்பன.

தமிழும் அதன் உடன்மொழிகளும் பல நூற்றாண்டுகளாகத் தம்முட் கொண்டும் கொடுத்தும் வந்தன. வடசொல்லைத் தமிழிற் கண்டறிதற்கு எழுத்திலக்கணம் துணைசெய்யும். கன்னடத்தினின்றோ தெலுங்கினின்றோ வந்த சொல்லைக் கண்டறிதற்கு அத்துணை போதாது. காலமுறைப்படி அமைந்த பதிவுகளே ஆண்டு வழிகாட்டும். போட்லரின் 'கீல்ரேக்கிங்' ஏட்டில் நில்லாதிருந்தால், ஆங்கிலேயர் பிறிதொரு சொல்லை வைத்திருந்தனர் என்பதே நமக்குத் தெரியாது போயிருக்கும்.

தொகையும் விரியும்

இச்சொல்லின் பொருளாராய்ச்சியில் நம் இலக்கணநூலார் வகுத்த தொகைக்கொள்கை பெரிதும் பயன்படுகின்றது. 'கீல்ஹாலன்' என்பதனைத் தமிழ் நெறியில் நிறுத்தின் 'அடிமர இழுப்பு' ஆகும். இது வேற்றுமைத்தொகை. எவ்வேற்றுமையின் தொகை என்பதே வினா.

'அடிமரத்தின்கீழ் இழுத்தல்' என ஏழாவதன்பாற்படுத்து, உருபும் பொருளும் உடன்தொக்க தொகையாக விரிப்பின், தண்டனைப் பொருள் பிறக்கும். இங்கு இழுக்கப்படுவோன் மனிதன்; அடிமரம் இடம். 'அடிமரத்தை இழுத்தல்' என இரண்டாவதாக விரிப்பின் வேறொரு பொருள் பிறக்கும். இங்கு இழுக்கப்படுவது அடிமரமே. கப்பலைக் கயிறுகளால் ஒருபுறம் சாய்த்து, அடிமரம் நீரினின்று வெளிப்படுமாறு செய்து, ஒட்டியவற்றைச் சுரண்டி, பலகை இடுக்குகளைக் கலப்பற்று இட்டு அடைக்கும் பழுதுபார்ப்பு வேலை அது. டச்சு மொழியிலும் செருமன் மொழியிலும் இவ்வொரு சொல்லே இரு பொருளுக்கும் வழங்கிற்று. ஆங்கிலம் தண்டனைப் பொருளை மட்டும் கடன்கொண்டது; பழுதுபார்ப்புக்கு அடிமரத்தைக் குறிக்கும் இலத்தீன் 'கரீனா' என்பதனின்று பிரெஞ்சு வழியாக வந்த 'கரீன்' என்னும் சொல் அங்கு முன்னரே இருந்தது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. பழைய செருமன் கடலேடு ஒன்றில் 'கீல்ஹோலன்' என்னும் வினை காணப்படுமாயின், ஆங்கிலச் சொல்லை மட்டும் அறிந்த ஒருவர் அங்கு ஒரு மனிதன் வதையுண்டான் எனக் கொள்ளக்கூடும். உண்மையில் தச்சர் கப்பலைச் சாய்த்துப் பழுது பார்த்திருப்பர். செயப்படுபொருள் மனிதனா கப்பலா என நோக்குதலே மயக்கந்தீர்க்கும் வழி.

பிரெஞ்சு மொழி இதற்கு மறுதலையான கண்ணியை வைத்துளது. அம்மொழியார் டச்சுச் சொல்லைப் பெயர்த்துக்கொள்ளாது, 'கால்' என்னும் தம் சொல்லையே தண்டனைக்கு ஆண்டனர். குறுக்குமர முனையினின்று நீருள் வீழ்த்துதல் வெறும் 'கால்'. கப்பலின் அடியாக இழுத்தல் 'பெருங்கால்'. நீரைத் தொடாதபடி கயிறு இடையில் இறுகி உடலைக் குலுக்குமாறு வீழ்த்துதல் 'உலர்கால்'. இன்றைய பிரெஞ்சு மொழியிலோ 'உலர்கால்' எனப் பொருள்படும் அத்தொடர், கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையைக் குறிக்கின்றது. ஆகவே பழைய ஏட்டில் ஒருவன் 'உலர்கால்' பெற்றான் எனக் காணும் இக்காலத்தவர் ஒரு துறைமுகத்தை எண்ணி அமைவர். எலும்பு முறிய வதையுண்ட மனிதனைக் காணார். செருமன் ஏட்டில் இல்லாத மனிதனைக் காணும் பிழையும், பிரெஞ்சு ஏட்டில் உள்ள மனிதனைக் காணாப் பிழையும் ஒரே குறைபாட்டின் இருபுறங்களாம்.

பரவலும் ஒழிவும்

ஒல்லாந்தரின் கடலாட்சியோடு இச்சொல்லும் பரவிற்று. தானிய மொழியும் சுவீடிய மொழியும் தத்தம் உறுப்புக்களால் இதனைப் பெயர்த்தமைத்தன. 1697இல் ஒல்லாந்து சென்று கப்பற்கட்டும் தொழிலைத் தாமே பயின்ற உருசிய மன்னர் பேரரசர் பீட்டர், 1720இல் வெளியிட்ட கடற்படைச் சட்டத்தில் இத்தண்டனைக்கும் இடமளித்தார். உருசிய மொழியார் 'கீல்' என்னும் உறுப்பை மட்டும் பெற்றுத் தம் விகுதியைச் சேர்த்துக்கொண்டனர். அங்கும் அச்சொல் பழுதுபார்ப்பு, தண்டனை என்னும் இருபொருளையும் தாங்கிற்று.

ஆங்கிலக் கடற்படைக்கு 1661இலும் 1749இலும் இயற்றப்பெற்ற போர்விதிகளில் இத்தண்டனை பெயர்சுட்டிக் கூறப்படவில்லை. சட்டத்தில் இடம்பெறாத தண்டனை பேச்சிலும் அகராதியிலும் மட்டும் வாழ்ந்தது. 1769இல் வில்லியம் பால்கனர் வெளியிட்ட கடல்துறை அகராதி இதனை விரிவாக விளக்குகின்றது. ஆனால் ஒல்லாந்தர் கடற்படையின் தண்டனையாகவே காட்டுகின்றது. போட்லரும் மான்சனும் எழுதியவற்றை நோக்குமிடத்து, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஆங்கிலேயர் தம் முன்னோர் செய்ததை மறந்து, சொல்லோடு செயலையும் அயலார்க்கே உரிமையாக்கினர் என்பது புலனாகின்றது. அயற்சொல் வழக்கு இம்மறதிக்குத் துணைநின்றது எனல் தகும். (கவிஞருமாகிய இப்பால்கனர், அகராதி வெளிவந்த ஆண்டிலேயே இந்தியா நோக்கிப் புறப்பட்ட 'அரோரா' என்னும் கப்பலில் பணியேற்றார். நன்னம்பிக்கை முனையைக் கடந்தபின் அக்கப்பல் ஒருவரும் எஞ்சாமல் மறைந்தது.)

சட்டவழியில் இத்தண்டனை நெடுங்காலம் நிலைத்தது. பிரான்சில் 1848ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறப்பித்த ஆணை 'கால்' தண்டனையையும் கயிற்றடியையும் ஒழித்தது. ஒல்லாந்தர் 1850-களிலேயே தம் சட்டத்தினின்று இதனை முறையாக நீக்கினர். செயல் ஒழிந்தபின் சொல்லின் கொடுமையும் தேய்ந்தது. உடலை வருத்தியது வாய்ச்சொல்லால் வருத்துவதாயிற்று; அதுவும் நகைப்பொருளாயிற்று. வலிக்கும் செயல் கண்ணெதிரே இருக்கும்வரை அச்சொல்லை விளையாட்டாக ஆள மக்கள் துணியார்; கண்டோர் மறைந்தபின் துணிவர். பொருள் தேய்வு என மொழிநூலார் கூறுவது, ஈண்டு நினைவு தேய்வே ஆகும்.

தமிழகக் கரையும் இச்சொல்லும்

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைகொண்டனர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகேசியரிடமிருந்து கைப்பற்றி, 1781 வரை ஆண்டனர். ஈழத்தின் கரையோரம் 1796 வரை அவர்கட்கு உட்பட்டிருந்தது. அவர்தம் கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல்களில் ஒழுங்குவிதிகள் மாலுமியர்க்குப் படித்துக்காட்டப்பெற்றன. கடலுள் வீழ்த்துதலும் அடிமரத்தின்கீழ் இழுத்தலும் அத்தண்டனைகளுட் சேர்ந்தவை. அக்கும்பினியில் மருத்துவராய் 1680-களில் கீழ்த்திசைக் கடல்களிற் பணியாற்றிய கிறித்தோபர் பிரைக்கு என்னும் செருமானியர் தம் பயணநூலில் இத்தண்டனையைக் குறித்துள்ளார். அந்நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 1700இல் வெளிவந்தது. ஆகவே சோழமண்டலக் கரைக்கு வந்துபோன கப்பல்கள் இத்தண்டனையை அறிந்தவை.

எனினும் தமிழ் ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற சொற்கள் வேறு வகையின. செப்புக்காசின் பெயராகிய 'துட்டு', அலுவலகத்தைக் குறிக்கும் ஈழத்துக் 'கந்தோர்', 'கக்கூசு' முதலியன நம் வழக்கில் உள. இவை கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் நம் மக்கள் கையாண்ட பொருள்கள். கப்பற்றளத்து வாழ்வோ கரையினின்று விலகிய தனி உலகம். அதன் ஒறுப்புச் சொல் கரையேறவில்லை. ஆங்கிலேய மாலுமி ஒல்லாந்த மாலுமியோடு ஒரே தொழிலையும் ஒரே துறையையும் பகிர்ந்தான். ஆதலின் அவன் சொல்லையும் பெற்றான். சொற்கள் நாடு விட்டு நாடு செல்வதினும் தொழில் வழியே செல்லுதல் மிகுதி என்பதற்கு இவ்வேறுபாடு சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகளைத் தொகுத்துரைப்பாம். 'கீல்ஹால்' என்னும் ஆங்கிலச் சொல் ஆங்கிலேயர் ஆக்கமன்று. 1660-களில் டச்சு மொழியினின்று உறுப்பு உறுப்பாகப் பெயர்த்துக் கொண்டது. அதற்குமுன் ஆங்கிலத்தில் அத்தண்டனைக்கு வேறு சொல் இருந்தது. முதலுறுப்பு நம் 'கீழ்' என்பதனோடு ஒத்து ஒலித்தல் தற்செயலே. ஒரே தொகை இருவகையாக விரிந்து, தண்டனையையும் பழுதுபார்ப்பையும் உணர்த்திற்று.

இம்முடிபுகள் தமிழில் சொல்லாக்கம் செய்வார்க்கும் பயன்படும். இத்தண்டனையை 'அடிமர இழுப்பு' எனப் பெயர்ப்பின், டச்சுத் தொகையின் இருபொருள் மயக்கம் தமிழினும் புகும். வேற்றுமைப் பொருளை வெளிப்பட நிறுத்தி, தண்டனையைக் 'கப்பலடியில் இழுத்தல்' எனவும், பழுதுபார்ப்பைக் 'கப்பலைச் சாய்த்தல்' எனவும் வழங்குதல் நன்று. இக்கால ஆங்கிலத்தின் நகைப்பொருளுக்குக் 'கடிந்து வைதல்' என்பதே போதும். அங்குத் தண்டனையின் பெயரைப் புகுத்துதல் வேண்டா. மூன்று பொருளையும் ஒரு சொல்லால் மூடுவோமாயின், கப்பலின் அடியில் இழுபட்ட மாலுமி, தச்சரின் வேலைக்கும் அதிகாரியின் வசைக்கும் இடையே மீண்டும் ஒருமுறை நீருள் மறைந்துபோவான். அவனை ஏட்டில் அடையாளங் காணுமாறு செய்தல் அகராதி செய்வோரின் கடன்.